கேசட்டின் கடைசி நாற்பது விநாடி

“எவனோ ஒரு ஃபிராடு பய என்னை இருபத்தெட்டு வருஷமா ஏமாத்தியிருக்கான், டீச்சர்!”

ஸ்தனிஸ் வாசலில் நின்றே கத்தினார். கழுத்தில் வியர்வை. ஒரு கையில் கிட்டார் பை, இன்னொரு கையில் ஒரு பழைய கேசட்.

எவாஞ்சலின் டீச்சர் சாக்ஸபோனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“யாருண்ணே?”

“தெரிஞ்சா இங்க ஏன் வரேன்? நேரா அவன் வீட்டுக்குப் போயிருக்க மாட்டேன்?”

டீச்சருக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு ஐம்பத்தொன்று. இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும். பிறந்த தேதி பார்த்துக் கேட்கிறவனுக்கு ஒன்றும் கிடைக்காது.

இடம், திருச்சி பொன்மலை. மூடிப்போன ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடி. புதன்கிழமை, பகல் மூன்று மணி.

ஸ்தனிஸ் பழைய ராக் பாட்டுகள் வாசிக்கிற கிட்டார்காரர். கல்லூரி விழா, கல்யாண ரிசப்ஷன், கிறிஸ்துமஸ் மேடை, எங்கே ஏறினாலும் ஒரு பாட்டு கட்டாயம். இங்கிலாந்துக்காரர்கள் நாலு பேர் எழுபத்து மூன்றாம் வருஷம் போட்ட பாட்டு. ரெக்கார்டில் இருப்பதை ஒரு சுரம் மாறாமல் வாசிப்பார். அதுதான் அவர் பேர். வேறு பேர் கிடையாது.

டீச்சரின் மூன்று பேர் கொண்ட ஜாஸ் குழு அதே பாட்டைக் கையில் எடுத்திருந்தது.

ஜாஸ்காரர்கள் வழக்கம் இது. தெரிந்த பாட்டை ஒரு சுற்று ஒழுங்காக வாசிப்பார்கள். பிறகு ஆளுக்கு இத்தனை பார் என்று முறை வைத்து, அந்த நிமிஷத்தில் தோன்றியதை வாசிப்பார்கள். நாலு எண்ணினால் ஒரு பார். முறை முடிந்தால் அடுத்த ஆளுக்கு வழி விட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கச்சேரி. ஸ்தனிஸுக்கு அதில் இடம் வேண்டும். அதற்காகத்தான் இரண்டு மாதமாக மாடி ஏறுகிறார். இரண்டு மாதமாக அவர் முறை வரும்போதெல்லாம் ரெக்கார்டில் இருப்பதையே வாசிக்கிறார்.

போன வாரம் டீச்சர் சொல்லிவிட்டார்.

“அண்ணே, வர்ற புதன்கிழமை உங்க முறையில உங்களுதா ஏதாவது வரணும். நாலு பார் போதும். வரலைன்னா ஞாயித்துக்கிழமை கிட்டார் இல்லாம போறோம்.”

“முப்பத்திரண்டு பார் குடுங்க. அதுல எங்கயாச்சும் நாலு என்னுது வரும்.”

“நாலு.”

“பதினாறு.”

“நாலு.”

“உங்க பேச்சும் வேணாம், என் பேச்சும் வேணாம். எட்டு.”

“மூணு,” என்றார் டீச்சர்.

“சரி சரி, நாலு!”

அந்தப் புதன்கிழமைதான் இது.


“உக்காருங்கண்ணே. என்ன ஆச்சு?”

“காலையில எம் பொண்ணு போன்ல அந்தப் பாட்டப் போட்டா. கடைசியில கிட்டார் ஒண்ணு ஏறி வருமே, நாற்பது விநாடி? நான் வாசிச்சா ஜனம் நாற்காலி மேல ஏறி நிக்குமே? அது இல்ல!”

“இல்லியா?” டிரம்ஸ் வாசிக்கிற இதயத்துல்லா நிமிர்ந்தான்.

“இல்லடா! பாட்டு அப்படியே சத்தம் குறைஞ்சு, குறைஞ்சு, பேட்டரி தீர்ந்த ரேடியோ மாதிரி அமுங்கிப் போகுது. அவ்வளவுதான் பாட்டு!”

“அது எனக்குத் தெரியுமேண்ணே,” என்றார் டீச்சர். “அந்தக் கடைசிய நீங்க இங்க வாசிச்சதே இல்ல. நீங்க இத்தனை வருஷத்துல அசலைக் கேட்டதே இல்லியா?”

“அசல்தான் என் கையில இருக்கே. நான் எதுக்குப் போன்ல கேக்கணும்?”

கேசட்டைத் தூக்கிக் காட்டினார்.

அந்தக் காலத்தில் ரெக்கார்டிங் சென்டர் என்று உண்டு. காலி கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால், கடைக்காரர்கள் தங்களிடம் இருக்கிற ரெக்கார்டிலிருந்து பதிந்து தருவார்கள். தெப்பக்குளம் பக்கத்துச் சந்தில் ஒரு கடை. ஸ்தனிஸ் இருபத்து மூன்று வயதில் அங்கே பதிந்து வாங்கிய கேசட் அது.

“பஸ்ஸப் பிடிச்சு அந்தச் சந்துக்கே போனேன். இப்ப அங்க செல்போன் கவர் விக்கிறான். பக்கத்துல ஒரு டெய்லர், பழைய ஆள். அவர்கிட்ட கேட்டேன். ‘அந்த ரெக்கார்டு கடைசியில கீறல் தம்பி, ஓடாது. கடையில கேசட் பதியிற பய ஒருத்தன் கிட்டார் வச்சிருப்பான். அவனே வாசிச்சு ஒட்டிக் குடுத்திருப்பான்’னு சொல்றார். சட்டைக்குக் காஜா எடுத்துக்கிட்டே சொல்றார்!”

“அவன் பேரு?”

“மறந்துட்டாராம். ஒல்லியா இருப்பானாம். அப்ப ஊர்ல எவன் குண்டா இருந்தான்?”

மூலையில் டபுள் பேஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியத்தைத் தாங்கி நின்ற சௌரிராஜ் வாயைப் பொத்திக்கொண்டார்.

“சிரிங்க! நல்லா சிரிங்க! ‘ரெக்கார்டு மாதிரியே வாசிக்கிறவன்’ங்கிறதுதான் என் பேரு. இப்ப என்ன பேரு எனக்கு? எவனோ கடைப்பையன் ஒட்டுப்போட்டத வாசிக்கிறவன்! நான் ஞாயித்துக்கிழமை வரலை. எந்த மேடைக்கும் வரலை.”

கேசட்டை ஜன்னலுக்கு வெளியே எறியக் கையை ஓங்கினார்.

டீச்சர் கையை நீட்டினார்.

ஒரு நிமிஷம் இரண்டு கையும் அப்படியே நின்றன. கடைசியில் ஸ்தனிஸ் கேசட்டைக் கொடுத்துவிட்டார்.


அறையில் ஒரு பழைய டூ-இன்-ஒன் இருந்தது. டீச்சர் கேசட்டைப் போட்டு, பாட்டின் கடைசிப் பகுதிக்கு ஓட்டிவிட்டார்.

பாடகன் கத்தி முடித்தான். டிரம்ஸ் உருண்டது. அப்புறம் ‘டக்’ என்று ஒரு சத்தம்.

டீச்சர் நிறுத்தினார். “இந்த டக் என்னது?”

“டிரம்ஸ்காரன் குச்சியக் கீழ போட்டுட்டான்னு நினைச்சேன். அதனால நானும் மேடையில அந்த எடத்துல காலால ஒரு மிதி மிதிப்பேன்.”

“எப்பவுமா?”

“ஒரு மேடை விட்டதில்லை.”

“அது ரெக்கார்டிங் பட்டனை அமுக்குற சத்தம்ணே,” என்றான் இதயத்துல்லா. அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு டிரம்ஸுக்குப் பின்னால் சரிந்துவிட்டான்.

டீச்சர் சிரிக்கவில்லை. மறுபடி ஓடவிட்டார்.

கிட்டார் வந்தது.

முதலில் பயந்து பயந்து, யாராவது திட்டுவார்களோ என்பது போல. இரண்டு அடி பாட்டோடு ஒட்டி நடந்தது. மூன்றாவது அடியில் கையை உதறிக்கொண்டு ஓடியது. வளைந்தது, வழுக்கியது, விழப்போய் எழுந்தது, ஏறியது. மேலே, மேலே, இன்னும் மேலே.

சிரித்துக்கொண்டிருந்த இதயத்துல்லா எழுந்து நின்றுவிட்டான். “யோவ், யாருய்யா இது!”

சௌரிராஜின் விரல்கள் தாமாகவே கம்பியைத் தேடின.

டப்பென்று நின்றது.

“முடிஞ்சுது,” என்றார் ஸ்தனிஸ். “இங்கதான் நானும் முடிப்பேன். வெட்டின மாதிரி நிறுத்துவேன். கைதட்டல் பிச்சிக்கிட்டுப் போகும்.”

டீச்சர் கேசட்டை வெளியே எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். நாடா முழுவதும் ஒரே சக்கரத்தில் சுற்றிக் கிடந்தது. மற்ற சக்கரம் மொட்டையாக நின்றது.

ஸ்தனிஸ் பார்த்தார். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

“அவன் நிறுத்தலையா?”

“டேப்பு தீர்ந்திருக்கு.”

“அப்ப மிச்சம்? மிச்சம் எங்க டீச்சர்?”

டீச்சர் டூ-இன்-ஒன்னைத் திறந்தார். கேசட்டைத் திரும்பப் போட்டு, நாற்பது விநாடி பின்னால் ஓட்டினார்.

“சௌரியண்ணே, பேஸ்ல அடிச்சுரத்தப் பிடிச்சுக்குங்க. இதயா, டேப்போட சேர்ந்து அடி. டேப்பு நின்னாலும் நீ நிக்காத. ஸ்தனிஸண்ணே, கிட்டார மாட்டுங்க.”

“நான்தான் வரலைன்னுட்டேனே.”

“வர வேணாம். சும்மா மாட்டுங்க.”

“சும்மா எதுக்கு மாட்டணும்?”

“சரி, மாட்டாதீங்க.”

ஸ்தனிஸ் மாட்டிக்கொண்டார். வேண்டாம் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது.


டேப் ஓடியது. டிரம்ஸும் பேஸும் அடியில் சேர்ந்துகொண்டன. ஒல்லிப்பயலின் கிட்டார் ஏறியது. நின்றது.

டிரம்ஸ் நிற்கவில்லை. பேஸ் நிற்கவில்லை. கிட்டார் இருந்த இடம் மட்டும் காலி.

டீச்சர் சாக்ஸபோனை உதட்டில் வைத்தார். அப்பாடா, இவர் நிரப்பிவிடுவார் என்று ஸ்தனிஸ் மூச்சு விட்டார்.

டீச்சர் அதை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனார்.

ஒரு பார் காலி. நாலு பார் காலி. எட்டு.

“ஏன்டா சும்மா அடிச்சிக்கிட்டே இருக்க? பாட்டு முடிஞ்சிடுச்சு!”

“யாருண்ணே சொன்னா?” என்றான் இதயத்துல்லா, அடித்துக்கொண்டே.

“நான் சொல்றேன்!”

“நீங்கதான் வரலைன்னுட்டீங்களே!”

ஸ்தனிஸ் பல்லைக் கடித்தார். போய் டூ-இன்-ஒன்னின் பட்டனை அவரே அமுக்கினார். பின்னால் ஓட்டினார். காதை ஸ்பீக்கரில் ஒட்டிக்கொண்டார்.

இருபத்தெட்டு வருஷமாக அதில் சுரங்களைக் கேட்டவர், இப்போதுதான் ஆளைக் கேட்டார்.

“தயங்குறான் பாரு,” என்றார். யாரிடமும் இல்லை.

“இந்தா, இங்க தப்பா விரல வச்சுட்டான். இது தப்புடா! இதையும் சரின்னு நினைச்சுல்ல நான் வாசிச்சேன்! ஐயையோ, அந்தத் தப்பையே பிடிச்சுத் திரும்பறான் பாரு! தெரிஞ்சே திரும்பறான்! திருட்டு ராஸ்கல், இவன் கையில என்ன வச்சிருக்கான்!”

டீச்சர் கதவருகே தண்ணீர் டம்ளரோடு நின்றிருந்தார். குடிக்கவில்லை.

“மறுபடி போடுங்கண்ணே!” என்று கத்தினான் இதயத்துல்லா.

ஸ்தனிஸ் மறுபடி போட்டார். இந்தத் தடவை காதை ஒட்டவில்லை. வால்யூமைக் கடைசிவரை திருகிவிட்டு, கிட்டாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அறையின் நடுவில் வந்து நின்றார்.

கிட்டார் ஏறியது. டேப்பின் கிட்டாரும் ஸ்தனிஸின் கிட்டாரும், ஒரே சுரம், ஒரே மூச்சு. ஏறின. ஏறின.

டேப் நின்றது.

ஸ்தனிஸ் நிற்கவில்லை.

ஒரு சுரம் தள்ளி விழுந்தது. தப்பான சுரம். அவர் முகம் கோணியது. அந்தத் தப்பையே பிடித்துத் திரும்பினார்.

“ஆ!” என்று சௌரிராஜ் கத்தினார். அந்த மனுஷன் மூன்று வருஷத்தில் மேடையிலோ கீழேயோ கத்தினதே கிடையாது.

ஒரு பார். இரண்டு. மூன்று. நாலு.

டீச்சர் நாலு விரலைத் தூக்கிக் காட்டினார். உங்கள் முறை முடிந்தது, வழி விடுங்கள்.

ஸ்தனிஸ் தலையை ஆட்டினார். முடியாது.

எட்டு பார். பதினாறு. இதயத்துல்லா எழுந்து நின்றே அடித்துக்கொண்டிருந்தான். கீழே தெருவில் போன ஆட்டோக்காரர் ஒருத்தர் வண்டியை நிறுத்தி மாடியை அண்ணாந்து பார்த்தார்.

“சௌரியண்ணே,” என்றார் டீச்சர், சத்தத்துக்கு மேல். “ஞாயித்துக்கிழமை மேடையில நாலு நாற்காலி போடச் சொல்லுங்க.”

ஸ்தனிஸ் காதில் அது விழவில்லை. அவர் எங்கேயோ உச்சியில் நின்றுகொண்டிருந்தார். அதற்கு மேலே எந்த ரெக்கார்டிலும் வழி இல்லை, கீழே இறங்கவும் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. விரல் நிற்கவில்லை. ஓடாத கேசட்டைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்.

“டேய் ஒல்லிப்பயலே! ஆரம்பிச்சு வச்சவன் நீதானடா! இவ்வளவு உசரம் ஏத்திவிட்டுட்டு எங்கடா போன? எங்க இருந்தாலும் கிட்டாரத் தூக்கிக்கிட்டு வா! வந்து இத ஒழுங்கா முடிச்சுக் குடுடா!”