இருவாச்சி வாசலை அடைத்த கதை

முன்னே பின்னே மாற்றிச் சொல்லிவிட்டால் அந்தப் பறவைக்குத் துரோகம் செய்ததாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இது மெதுவாகவே சொல்லவேண்டிய கதை.

அந்தக் காலத்தில் பறவையும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசினார்கள். இருவாச்சிப் பறவையும் மற்றவை போலத் திறந்த கிளையில்தான் கூடு கட்டும். பெண் இருவாச்சிக்கு எதைக் கண்டாலும் கவலை. காற்று அடித்தால் கவலை, அடிக்காவிட்டால் அதைவிடக் கவலை.

மலைக்குக் கீழே ஊர்க்காரர்கள் சுண்ணாம்புக்கல் சுடும் காளவாய் போட்டிருந்தார்கள். புகை ஊரை மூடியது. பிள்ளைகள் இருமிக்கொண்டே இருந்தார்கள். மலைமேல் நிற்கும் பெருமரங்கள்தான் அந்தப் புகையைக் குடிக்கின்றன என்று காற்று ஊருக்குள் போய்ச் சொன்னது. ஊர்த்தலைவர் மலையேறி வந்து, காட்டு மக்களோடு உப்பைத் தொட்டு வாக்குக் கொடுத்தார். ஏதேனும் ஓர் உயிர் குடியிருக்கும் மரத்தில் கோடாலி படாது. மரங்களைக் காப்பவர்களுக்கு வருஷந்தோறும் உப்பும் துணியும் வரும். தேனும் கிழங்கும் எப்போதும்போலத் தாங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் காட்டுப்பெண் வெள்ளச்சி மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சில வருஷம் நன்றாகவே போனது. பிறகு காளவாய்க்கு விறகு போதவில்லை. தலைவர் ஆட்களோடு வந்து ஒரு கிழட்டுக் குங்கிலிய மரத்தைக் கோடாலிப் பிடியால் தட்டினார். டொம்மென்றது.

"உள்ளே ஒண்ணுமே இல்லை. வெறும் பொந்து எங்கே புகை குடிக்கப் போகுது? வெட்டுங்க."

"வயசான மரமெல்லாம் பொந்துதான் ஐயா. இப்படித் தட்டிக்கிட்டே போனா காடு மிஞ்சாது, எங்க சோறும் மிஞ்சாது," என்றாள் வெள்ளச்சி. "உங்களுக்கும் வயசாச்சே, தட்டிப் பார்க்கட்டுமா?"

ஆட்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். சாப்பிட்டுவிட்டு வெட்டலாம் என்று தலைவர் ஓடைப்பக்கம் போனார்.

கூடு கட்ட அந்த மரத்துக்கு வந்திருந்த பெண் இருவாச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. பறந்து போய்விடலாம்தான். ஆனால் அடுத்த மரத்தையும் தட்டுவார்களே. அப்படி நினைத்ததும் பறக்கும் எண்ணத்தை விட்டது. பொந்துக்குள் நுழைந்து, கணவனை ஈரமண் கொண்டுவரச் சொல்லி வாசலைப் பூசியது.

"அடைச்சுக்கிட்டா இரைக்கு என்ன பண்ணுவே?" என்றது ஆண்.

"அலகு நுழையிற அளவுக்கு இடம் விட்டிருக்கேன். நீ மறந்து தொலைக்காம இருந்தாச் சரி."

தலைவர் திரும்பி வந்து மறுபடி தட்டினார். உள்ளேயிருந்து டக் டக்கென்று பதில் வந்தது.

"ஆள் இருக்கு ஐயா," என்றாள் வெள்ளச்சி. "நீங்க உப்பைத் தொட்டிருக்கீங்க."

பசித்தால் வெளியே வந்துதானே ஆகவேண்டும் என்று தலைவர் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆண் இருவாச்சி அத்திப்பழம் கொண்டுவந்து இடுக்கு வழியாக ஊட்டியபடி இருந்தது. பயந்து பறந்துவிடக் கூடாதென்று பெண் தன் இறகுகளைத் தானே உதிர்த்து, அவற்றின்மேல் முட்டையிட்டது. கீழே அரிசி மூட்டை காலியானது. மழை பிடித்தது. அட்டை கடித்த கால்களோடு ஆட்கள் ஒவ்வொருவராக மலையிறங்கினார்கள். கடைசியில் தலைவரும் எழுந்து போனார். அந்த வருஷத்து உப்பும் துணியும் குறைவில்லாமல் வந்தன.

தேனுக்குப் போகும் காட்டு மக்கள் பொந்து மரத்தைத் தட்டி, காது வைத்துக் கேட்ட பிறகே ஏறும் வழக்கம் அப்போது வந்ததுதான். பெண் இருவாச்சியும் அன்று முதல்தான், முட்டையிடும் காலம் வந்ததும் கிழட்டு மரமாகப் பார்த்து உள்ளே போய், வாசலைப் பூசி அடைத்துக்கொள்கிறது.