மைதீன் பாயின் தோளும் மூன்று ஆராய்ச்சியாளர்களும்

முட்டாள்களுக்குப் பஞ்சம் வந்ததாக எந்த ஊரிலும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் படித்த முட்டாள் அமைவதற்குக் கொஞ்சம் கொடுப்பினை வேண்டும். எங்கள் ஊர்க் கல்லூரிக்கு அது மூன்று பேராக வாய்த்தது. உடலியக்கவியல் துறை என்று பேர். மனுஷன் கையைக் காலை எப்படி அசைக்கிறான், ஏன் அசைக்கிறான் என்று ஆராய்கிற படிப்பு. நான் கேலி பண்ணவில்லை, நல்ல படிப்புதான். இந்த மூன்று பேர்தான் அதற்கு வந்த சோதனை.

மூத்தவர் பொன்னுலிங்கம், யோசிக்காமல் முடிவெடுப்பார். அடுத்தவர் அமல்தாஸ், ரொம்ப யோசித்து அதே முடிவுக்கு வந்து சேர்வார். கடைசி செவ்வந்தி, அந்த முடிவுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கிற பெண். மூவருக்கும் வழிகாட்டி பேராசிரியர் வேதநாயகம். நூலைப் போல சேலை என்பார்கள். நூலைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

ஆலடி முக்கில் தங்கக்கனி அண்ணாச்சியின் பரோட்டாக் கடை. அங்கே மாஸ்டர் மைதீன் பாய். அவர் வீசுகிற பரோட்டா காற்றில் விரிவதைப் பார்க்கவே ஆட்கள் பஸ்ஸைத் தவறவிடுவார்கள். அப்படிப்பட்டவருக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. கை காதுக்கு மேலே எழும்பவில்லை. பரோட்டா அப்பளம் அளவுக்குச் சிறுத்துப் போனது.

"வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் கொடை பாய். ஊரே திரண்டு வரும். அதுக்குள்ள கை சரியாகலைன்னா வேற மாஸ்டருக்குச் சொல்லிருவேன், மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றார் அண்ணாச்சி. அந்தப் பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நிற்கிற இடம் போய்விடுமோ என்று பாய் பயந்தார். அதனால்தான் ஆராய்ச்சி என்று மூன்று பேர் வந்ததும், "என்ன வேணும்னாலும் பண்ணுங்க தம்பி. வெள்ளிக்கிழமை நான் இந்த இடத்துல நிக்கணும்" என்று தோளைக் காட்டிவிட்டார். பாவம், மூழ்குகிறவன் எதைத்தான் பிடிக்க மாட்டான்?

பேராசிரியர் போனில் முறையைச் சொன்னார். "கையை அளக்கணும். ஆளைக் கேட்கணும். வெறும் அளவு ஊமை, வெறும் பேச்சு குருடு. கடைசியில ரெண்டையும் கலக்கணும். அளக்கும்போது மட்டும் நீங்க அங்க இருக்கிறதே அவருக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா இயல்பு கெட்டுப்போகும்."

மூன்று பேரும் காலி மைதா சாக்கில் கண்ணுக்கு ஓட்டை போட்டு, உள்ளே இறங்கி, மாவு மூட்டைகளோடு மூட்டையாக உட்கார்ந்துகொண்டார்கள். பாய் கையைத் தூக்கும்போதெல்லாம் ஒரு மூட்டையிலிருந்து கோணமானி வெளியே நீளும். அளந்துவிட்டு உள்ளே போய்விடும்.

"என்ன அண்ணாச்சி, மைதா மூட்டை இருமுது?" என்று கேட்டுவிட்டு ஒரு வாடிக்கையாளர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்.

அடுத்தது வலியின் அளவு. "பத்துக்கு எத்தனை வலிக்குது பாய்?" என்றார் அமல்தாஸ்.

பாய் அப்போதுதான் பத்து பரோட்டா போட்டு முடித்திருந்தார். "ஏழு வலிச்சுது, மூணு பரவாயில்ல" என்றார்.

"அந்த மூணு எங்க?" என்று பொன்னுலிங்கம் பதறினார். வலிக்காத பரோட்டாக்களைப் பரிசோதிக்காமல் என்ன ஆராய்ச்சி! அவை ஏற்கனவே இலைக்குப் போயிருந்தன. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிடுங்கி அளந்து பார்த்தார்கள். வட்டமாக இருந்தன என்று செவ்வந்தி எழுதிக்கொண்டது. பரோட்டாவைப் பறிகொடுத்தவர் திட்டியதை அது எழுதவில்லை.

பிறகு பேட்டி, கேட்டது செவ்வந்தி. "இனிமே புதுசா ஒண்ணும் வரலைங்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கணும்" என்பது பேராசிரியர் உத்தரவு.

"தோள் எப்படி வலிக்குது பாய்?"

"தூக்கினா சுளீர்ங்குது."

"தோள் எப்படி வலிக்குது பாய்?"

"இப்பத்தானம்மா சொன்னேன், சுளீர்ங்குதுன்னு."

"'இப்பத்தானம்மா'ங்கிறது புதுசு. இன்னும் வருது, கேளு" என்றார் பொன்னுலிங்கம்.

கேட்டார்கள். பாய் பொறுமையாகச் சொன்னார், கடுப்பாகச் சொன்னார், கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். கடைசியில் தொண்டை கட்டி, வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

"ஒண்ணும் வரல! முடிஞ்சுது!" என்று மூவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை பேராசிரியர் கூப்பிட்டார். "அளவுக்கும் பேச்சுக்கும் சம எடை கொடுத்திருக்கீங்களா?"

கடைத் தராசில் வைத்துப் பார்த்தபோது பொன்னுலிங்கத்துக்கு வியர்த்துவிட்டது. அளவெல்லாம் ஒரே தாள். பேச்சோ ஒரு கட்டு.

"பேச்சைக் கிழிச்சிருவோமா?" என்றார் அமல்தாஸ்.

"சேச்சே, அது அவரோட அனுபவம். அனுபவத்தைக் கிழிக்கக் கூடாது. அளவைத்தான் ஏத்தணும்" என்றது செவ்வந்தி.

அளவுத் தட்டில் பல்லாரி வெங்காயத்தை ஒவ்வொன்றாக வைத்தார்கள். முள் நடுவில் வந்து நின்றதும் மூவருக்கும் அப்படி ஒரு நிம்மதி.

வெள்ளிக்கிழமை மதியம் கடைசி உத்தரவு வந்தது. "எது அளவு, எது பேச்சுன்னு பிரிக்க முடியாதபடி நல்லாக் கலந்திருக்கணும். சாயங்காலமே சூட்டோடு சூடா அனுப்பி வைங்க."

மூவரும் கூடிப் பேசினார்கள்.

"கலக்கிறதுல இந்த வட்டாரத்துலயே கெட்டிக்காரர் யாரு?" என்றார் பொன்னுலிங்கம்.

அமல்தாஸ் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். "மைதீன் பாய்."

"ஆய்வுக்கு உள்ளானவரையே ஆய்வுல பங்கெடுக்க வைக்கிறது உயர்ந்த முறை" என்று செவ்வந்தி காரணமும் கொடுத்துவிட்டது.

பாய் தொழுகைக்குப் போயிருந்தார். அந்த நேரத்தில் தாள்களைக் கிழித்து, தண்ணீரில் ஊறவைத்து, எடைக்கு வைத்த வெங்காயத்தையும் நறுக்கி, எல்லாவற்றையும் மாவுச் சட்டியில் கொட்டி மேலே மைதாவைப் போட்டு மூடினார்கள்.

பாய் வந்தார். தொண்டை கொஞ்சம் தெளிந்திருந்தது, தோள் தெளியவில்லை. கோயில் பக்கம் மேளம் கேட்டது. புது மாஸ்டர் வேறு வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார். இதுதான் இந்தக் கல்லில் கடைசி மாவு என்று நினைத்தபடி இடது கையால் பிசைந்தார். கண் கலங்கியிருந்தது. விரலில் ஏதோ ஒட்டியது. எடுத்துப் பார்த்தார். 'சுளீர்' என்று எழுதியிருந்தது.

"என்னதும்மா இது?"

"அது உங்க வலி பாய். இந்தப் பக்கம் கட்டியா இருக்கிறது உங்க கோணம்" என்றது செவ்வந்தி.

பாய்க்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்துவிட்டது.

"அடப் பாவிகளா! என் வலியை என்னையவே பெசைய வச்சிட்டீங்களாலே!"

கையில் கிடைத்த மாவு உருண்டையைத் தட்டி எடுத்து, பொன்னுலிங்கத்தின் தலையில் போடுவதற்காக வலது கையை ஓங்கினார். தோளுக்குள் 'மளுக்' என்று ஒரு சத்தம். கை காதைத் தாண்டி, தலையைத் தாண்டி உயர்ந்தது. பழகின கையாயிற்றே, கோபத்திலும் மாவை விடவில்லை. மாவு காற்றில் வேட்டி மாதிரி விரிந்து, சுழன்று, 'பளார்' என்று மேடையில் விழுந்தது.

பாய் கையை மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். இன்னொரு தடவை தூக்கினார். "அல்லாவே, வலிக்கல!" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். புது மாஸ்டர் யாரும் சொல்லாமலேயே பஸ் ஏறப் போய்விட்டார்.

அதற்குள் கொடைக் கூட்டம் உள்ளே புகுந்துவிட்டது. வேறு மாவு பிசைய நேரமில்லை. "அதையே போடுங்க பாய்!" என்று கத்தினார் அண்ணாச்சி. போட்டார். சாப்பிட்டவர்கள், "நாரு நாரா நல்லா இருக்கே, வெங்காயம் வேற தூக்கலா!" என்று மறுபடி கேட்டு வாங்கித் தின்றார்கள். ஆராய்ச்சியில் பெரும்பகுதி பொதுமக்களைச் சென்றடைந்தது. கல்லூரிக் கட்டடத்தில் நடந்த எந்த ஆராய்ச்சிக்கும் இதுவரை அந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை.

மிச்சத்தைச் சால்னாவோடு வாழை இலையில் பொதிந்து, ஆட்டோ பிடித்து, சூட்டோடு சூடாகப் பேராசிரியர் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"தாளா இல்லாம அனுப்பிட்டோமே, ஏத்துக்குவாரா?" என்றார் அமல்தாஸ்.

"பிரிக்க முடியாம கலக்கச் சொன்னது அவர்தானே? பிரிச்சுக் காட்டட்டும் பார்ப்போம்" என்றார் பொன்னுலிங்கம்.

போன் அடித்தது. மறுமுனையில் ஒரு நீண்ட ஏப்பம் கேட்டது.

"முழுசாப் பார்த்துட்டேன்" என்றார் பேராசிரியர் வேதநாயகம். "ரொம்ப ஆழமா இருக்கு. முன்னுரை மெத்துன்னு வந்திருக்கு. முடிவுரைதான் கொஞ்சம் கருகிப்போச்சு, திருத்திருங்க. நாளைக்கே வெளித்தேர்வாளருக்கு ரெண்டு பிரதி அனுப்பணும். ஒரு விஷயம் மறந்துராதீங்க, அவர் சைவம். சால்னா வேண்டாம், குருமா வைங்க."