நாரை பார்க்காத திருவிழா

ஸ்பெயின் நாட்டு மலையொன்றில் ஓக் மரங்கள் அடர்ந்த ஒரு கருவாலிக் காடு. அதற்குக் கீழே அல்தாமோரா என்றொரு குட்டிக் கிராமம். காட்டில் தோமாசா என்ற பன்றி குட்டிகளோடு வாழ்ந்தாள். அந்தக் கோடையில் ஓடை வற்றிவிட்டது. தாகத்தில் குட்டிகளுக்கு நடக்கவே தெம்பில்லை.

ஊருக்குள் தண்ணீர்த் தொட்டி உண்டு. ஆனால் மனிதர்களும் உண்டே! தோமாசா நாரையிடம் கேட்டாள்.

"நாரையக்கா, ஊருல எத்தனை பேரு இருக்காங்க?"

"ஒரு கிழவன், ஒரு கிழவி, அவ்வளவுதான். மத்தவங்க பட்டணம் போயாச்சு. வீடெல்லாம் பூட்டிக் கிடக்கு. மணிக்கூண்டு உச்சியில குடியிருக்கிற எனக்குத் தெரியாதா? தைரியமாப் போ."

சொல்லிவிட்டு நாரை, வருஷந்தோறும் போவதுபோல, தன் பிள்ளைகளோடு ஆப்பிரிக்காவுக்குப் பறந்துவிட்டது.

தோமாசா ஊருக்குள் போய், இடிந்த ஆட்டுக்கொட்டில் ஒன்றில் குடியேறினாள். தொட்டி நிறையத் தண்ணீர். மரத்தடியெல்லாம் அத்திப்பழம். குட்டிகள் கொழுத்தன.

ஒருநாள் காலையில் கார் வந்தது. பின்னால் இன்னொன்று. பிறகு வந்துகொண்டே இருந்தன. பூட்டிய கதவுகள் திறந்தன. தெருவெல்லாம் ஆட்கள், மேளம், மணியோசை. தோமாசாவுக்குத் தலை சுற்றியது. இவர்கள் எங்கே ஒளிந்திருந்தார்கள்? தரைக்கடியிலா? வேறு ஊருக்கு வந்துவிட்டோமா?

மிரண்டோடிய குட்டிகளை ஒவ்வொன்றாகக் கொட்டிலுக்குள் சேர்த்தாள். கடைக்குட்டியை மட்டும் காணோம்.

சுவர்மேல் ஒரு பூனை சோம்பல் முறித்தது.

"அம்மா பன்றி, உன் பிள்ளை மேளக்காரங்க மேடைக்கு அடியில நடுங்கிட்டு இருக்கு."

"இவங்கல்லாம் யாரு? ஊரு காலின்னு நாரை சொன்னாளே!"

"மாதா திருவிழாவுக்குப் பட்டணத்துல இருந்து வந்த இந்த ஊர்க்காரங்கதான். வருஷா வருஷம் வருவாங்க. நாரை அதுக்கு முந்தியே கிளம்பிடுவா. இந்தத் திருவிழாவை அவ கண்ணால பார்த்ததே இல்ல. நீ என்னைக் கேட்டிருக்கலாமே?"

"நீ தரையில கிடக்கிறவ. அவ உச்சியில இருக்கிறவ. அதான் அவளைக் கேட்டேன்."

"உச்சியில இருந்தா தூரம் தெரியும். வருஷம் முழுக்கத் தெரிஞ்சுடுமா? சரி, இப்ப ஓடாதே. வாணம் விடுறப்ப எல்லாரும் மேலே பார்ப்பாங்க. அப்போ போ."

இருட்டத் தொடங்கியது. முதல் வாணம் வெடித்தது. சதுக்கமே அண்ணாந்து பார்த்தது. தோமாசா குனிந்தபடி மேடைக்கு அடியில் நுழைந்தாள். கடைக்குட்டி அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. மற்ற குட்டிகளையும் கூட்டிக்கொண்டு அவள் காட்டுக்கு ஏறினாள். அடுத்த நாள் மலையில் மழை இறங்கி, ஓடையில் தண்ணீர் வந்தது.

வசந்தத்தில் நாரை திரும்பி வந்தது.

"என்ன தோமாசா, நான் சொன்ன மாதிரி ஊரு காலியாத்தானே இருந்துச்சு?"

"நீங்க இருந்தவரைக்கும் காலிதான் அக்கா" என்றாள் தோமாசா.

தான் இல்லாத நாளுக்கும் சேர்த்துச் சாட்சி சொல்கிறவர், பொய் சொல்லாமலே அடுத்தவரை ஆபத்தில் தள்ளிவிடுவார்.