தலைவர் குளிக்காத சனிக்கிழமை

இந்தக் கதையை நான் நேரடியாகக் கேட்டதாகச் சொல்ல முடியாது. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், ஆள் சேரட்டும் என்று முக்கால் மணி நேரம் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் மாடி செண்பகவல்லி அக்கா சொன்னது. அவருக்கு அலுவலகத்தில் யாரோ சொன்னார்களாம். அரசர் பெயர் அவருக்கு நினைவில்லை. அதனால் நானும் போடவில்லை.

அந்த அரசருடைய கோட்டைக்குப் பின்னால் மருதந்தோப்பு என்று ஒரு குடியிருப்பு. அரண்மனையில் வேலை பார்ப்பவர்களுக்காகக் கட்டிய நாற்பது வீடுகள். முன்வரிசையில் பதினேழு, பின்வரிசையில் இருபத்து மூன்று. ஆண்டுக்கு ஒருமுறை குடத்தில் ஓலை போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அரச கட்டளை. பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடியிருப்போர் நன்றாக யோசித்துப் பல்லக்கு அதிகாரி மல்லையரையே தேர்ந்தெடுத்தார்கள். வேறு யாரும் நிற்காததால் யோசிக்க வசதியாக இருந்தது.

பதின்மூன்றாம் ஆண்டு கூத்தபிரான் நின்றார். சபையில் அரசரைச் சிரிக்க வைப்பது அவர் வேலை. பின்வரிசையின் கடைசி வீடு அவருடையது.

மல்லையர் சபையில் எழுந்தார். "அரசே, என் நிர்வாகத்தில் இவருக்கு என்ன குறையாம்? பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு புகார்கூட வந்ததில்லை. புகார்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒரு பல்லிதான் இருக்கும்."

"பல்லிக்கும் குறை இருக்கும், அரசே. எழுதத் தெரியாது" என்றார் கூத்தபிரான்.

சபை சிரித்தது. அரசர் சிரிக்கவில்லை.

"கூத்தா, மூன்று நாள் தருகிறேன். விதிப்படி ஒரே ஒரு புகார் ஓலை அந்தப் பெட்டியில் விழட்டும். விழாவிட்டால், வீண்பழி சொன்னதற்காக வீட்டைக் காலி செய்துவிடு."

விதிப்படி என்றதும் மல்லையர் மீசையைத் தடவிக்கொண்டார். விதிகள் அவர் எழுதியவை. வாயால் சொன்னால் புகார் இல்லை; எழுத வேண்டும். பெட்டி தலைவர் வீட்டுக் கூடத்தில் இருக்கும். கூடம் தூய்மையான இடம், ஆகவே அன்று குளித்தவர் மட்டுமே உள்ளே வரலாம். தேர்தல் குடமும் அதே கூடத்தில்தான்.

பின்வரிசைக்கு இருந்த ஒரே குறை தண்ணீர். ஏரியிலிருந்து வரும் வாய்க்கால் முதலில் மல்லையர் தொட்டியை நிரப்பும். பிறகு அவர் தோட்டம். பிறகு முன்வரிசை. பின்வரிசைக்கு ஈரம் வந்து சேரும்.

அன்று மாலை கூத்தபிரான் பக்கத்து வீட்டு அலங்காரத்திடம் யோசனை கேட்டார்.

"ஏன் அலங்காரம், கோட்டைக் கிணற்றிலிருந்து நான்கு குடம் தூக்கி வந்து யாராவது ஒருத்தர் குளித்துவிட்டுப் போனால்?"

"போகலாம் அண்ணே. போய்த் தண்ணீர் இல்லை என்று எழுதினால், பிறகு எப்படிக் குளித்தாய் என்று தலைவர் கேட்பார். போன வருஷம் என் வீட்டுக்காரர் போய், அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டு எழுதாமலே திரும்பி வந்தார்."

"உன் வீட்டில் தேங்காய்நார் இருக்கிறதா?" என்றார் கூத்தபிரான்.

மறுநாள் சனிக்கிழமை. விடிந்ததும் கூத்தபிரான் கையில் நாரோடு மல்லையர் வாசலில் போய் நின்றார்.

"தலைவரே, தேர்தலில் நிற்பவன் குடியிருப்போருக்குச் சேவை செய்ய வேண்டுமல்லவா? உங்கள் தொட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அடியில் பாசி பிடித்திருக்கிறது."

மல்லையருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முன்வரிசை முழுவதையும் கூப்பிட்டுக் காட்டினார். "என்னை எதிர்த்து நிற்பவர் என் தொட்டியைத் தேய்க்கிறார், பாருங்கள்." தலையிலிருந்து கால்வரை எண்ணெய் பூசிக்கொண்டு, சுத்தமான தொட்டியில் குளிக்கக் காத்திருந்தார்.

கூத்தபிரான் மடைப்பலகையை இறக்கி, தொட்டிக்குள் நீர் வரும் வழியை அடைத்தார். உள்ளே இருந்த நீரை இறைத்துத் தொட்டியைக் காலி செய்தார். வாய்க்கால் நீர் பக்கத்து ஓடையில் திரும்பிப் பின்வரிசைக்குப் போனது. அவர் பொறுமையாகத் தேய்த்தார். உச்சி வெயில் வந்தது. எண்ணெய் மல்லையர் கண்ணுக்குள் இறங்கியது. அடுத்த வீட்டில் ஒரு குடம் கேட்டிருக்கலாம். தலைவருக்குக் கேட்டுப் பழக்கமில்லை.

"ஓய், இன்னும் எவ்வளவு நேரம்?"

"பன்னிரண்டு ஆண்டுப் பாசி, தலைவரே. லேசில் விடுமா?"

பொழுது சாய்ந்தது. பாசி விடவில்லை.

"அரசரிடம் சொல்லிவிடுவேன்" என்று மல்லையர் கத்தினார்.

"வாயால் சொன்னால் புகார் இல்லையே, தலைவரே."

"அப்படியானால் எழுதியே போடுகிறேன். உம் வேட்புமனு இதோடு முடிந்தது." எண்ணெய்க் கையோடு ஓலை எழுதி, முத்திரை வைத்து, கூடத்துக்குள் போய்ப் பெட்டியில் போட்டார்.

மூன்றாம் நாள் பெட்டி சபைக்கு வந்தது. எழுத்தர் ஓலையை எடுத்துப் படித்தார். "இன்று விடிந்ததிலிருந்து என் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. காரணம் கூத்தபிரான். ஒரு நாள்கூட மனிதன் இப்படி இருக்க முடியாது. இப்படிக்கு, மல்லையர்."

"ஒரு புகார் விழுந்துவிட்டது, அரசே. முத்திரைகூட இருக்கிறது" என்றார் கூத்தபிரான்.

மல்லையருக்கு அப்போதுதான் உறைத்தது. பதறி எழுந்தார். "அரசே, அது செல்லாது. விதிப்படி இல்லை."

"ஏன்?"

"கூடத்துக்குள் போகும்போது நான் குளித்திருக்கவில்லை."

"ஏன் குளிக்கவில்லை?"

"தண்ணீர்..." என்று தொடங்கிய மல்லையர் நிறுத்திக்கொண்டார்.

"அரசே, அவரைக் கோபிக்காதீர்கள்" என்றார் கூத்தபிரான். "இருபத்து மூன்று வீடுகள் பன்னிரண்டு ஆண்டுகளாக எழுத முடியாத புகாரை ஒரே நாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். தலைவராக அவர் எங்களுக்குச் செய்த முதல் சேவை."

அரசர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். குளியல் விதியைத் தன் கையாலேயே அடித்து நீக்கினார். தேர்தல் குடத்தைக் கூடத்திலிருந்து எடுத்து மரத்தடியில் வைக்கச் சொன்னார். தேர்தல் நடந்து எண்ணியபோது கூத்தபிரானுக்கு இருபத்து மூன்று ஓலை, மல்லையருக்குப் பதினேழு. முன்வரிசைக்கு எப்போதுமே குறை இருந்ததில்லை.

"என்ன பரிசு வேண்டும்?" என்று அரசர் கேட்டார்.

"அந்த மடைப்பலகை போதும், அரசே."

எங்கள் கூட்டம் முடிந்ததும் நான் இறங்கிப்போய் எங்கள் புகார்ப் பெட்டியைப் பார்த்தேன். தலைவர் வீட்டுக்குள் இல்லை. கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. காகிதம் போடும் துளையை மூடியபடி 'இங்கே நோட்டீஸ் ஒட்டாதீர்கள்' என்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது.