கோமதிநாயகம் வீட்டுக் கடல்

"எனக்கு ஒரு கடல் வேணும்"னு கேட்டாரு கோமதிநாயகம்.

கடல்மீன் தொட்டி போட்டுக் குடுக்கிற ஜெசிந்தா, கையில இருந்த வலையைக் கீழ வச்சிட்டு நிமிந்து பாத்தா.

"எத்தன பெருசுல அண்ணாச்சி?"

"டிவி பக்கத்துல வைக்கிற மாதிரி."

தூத்துக்குடிக்காரருக்கு மொட்டை மாடி ஏறினா கடல் தெரியும். இவருக்கும் தெரியும். ஆனா ஆளு பாத்திரக்கடை முதலாளி பாருங்க. எதுவா இருந்தாலும் ஷெல்ஃபுல ஏத்திரணும்.

"எதுக்குக் கேக்கீங்க?"

கோமதிநாயகம் தன்னோட ரெண்டு கையையும் பாத்தாரு.

"இந்தக் கையில எதுவும் உயிரோட நிக்க மாட்டேங்கும்மா. ரோஜா வச்சேன், கருகிட்டு. லவ் பேர்ட்ஸ் வளத்தேன், ஜோடியாப் போயிட்டு. முயலு வாங்கினேன், அதப் பத்திக் கேக்காத. வீட்டுல துளசிக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்தக்கூட என்ன விட மாட்டாங்க. ஒண்ணே ஒண்ணாவது இந்தக் கையில பொழைக்கணும்."

"அதுக்கு வேற எதாவது கேக்கலாம்லா. இருக்கதுலயே கஷ்டமானதுல்லா இது."

"அதான் குருவத் தேடி வந்திருக்கேன்."

ஜெசிந்தா சிரிக்கல. குருன்னா சிரிக்கப்படாதுன்னு நெனச்சாளோ என்னவோ.

ஆட்டோவுல எல்லாம் வந்து இறங்குச்சு. கண்ணாடித் தொட்டி, அலை மோட்டாரு, நீல லைட்டு, சாக்குல காஞ்ச கல்லு, போட்டுக்காரங்க நடுக்கடல்ல மொண்டுட்டு வந்த தண்ணி கேன் கேனா.

கல்ல அடுக்கினது அண்ணாச்சி. பெருசு கீழ, அதுக்குச் சின்னது மேல, அதுக்கும் சின்னது அதுக்கு மேல. கடையில அண்டா, குண்டா, சட்டி அடுக்குற அதே நேர்த்தி.

ஜெசிந்தா ஒரு தட்டு தட்டினா. கல்லு சரிஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு, நடுவுல கருப்பு கருப்பாப் பொந்து விழுந்துச்சு.

"ஏம்மா கலைச்ச?"

"பொந்து வேணும்."

"எதுக்கு?"

"ஒளிய."

"யாரு ஒளிய?"

"வாரவங்க."

கோமதிநாயகம் தொட்டிக்குள்ள பாத்தாரு. தண்ணியும் கல்லும் தான் கெடந்துச்சு.

"சரி, இனி நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது."

"அதான், என்ன செய்யணும்?"

"அண்ணாச்சி, கையப் பைக்குள்ள வச்சிக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருங்க."

"வேட்டியில ஏதும்மா பை?"

"அப்ப பின்னால கட்டிக்கிடுங்க."

கட்டினாரு. கொஞ்ச நாள் கட்டினாரு.

அப்புறம் கல்லு மேல பழுப்பா ஒண்ணு படிய ஆரம்பிச்சுச்சு. ரவைப் பொங்கல் அடிபிடிச்ச மாதிரி நெறம். பாத்திரக்காரர் கண்ணுக்கு அது பொறுக்குமா?

கல்ல ஒண்ணொண்ணா வெளிய எடுத்து, குழாயடியில வச்சு, தேங்கா நாரு போட்டுத் தேய்ச்சாரு தேய்ச்சாரு, கல்யாணச் சீர்ப் பாத்திரம் மாதிரி ஆயிட்டு. தேய்ச்ச கையோட ஜெசிந்தா கடைக்கு வந்து நின்னாரு.

"வந்து பாரு, கல்லுல மொகம் தெரியும்."

ஜெசிந்தா அவரு கையப் பிடிச்சு மோந்து பாத்தா.

"ஒரு ஊரையே கழுவி ஊத்திட்டு வந்திருக்கீங்க."

"வெறும் அழுக்குதானம்மா?"

"குடி வந்தவங்க."

அவருக்குப் புரியல. ஆனா மொகம் விழுந்துட்டு. முயலுக்கு அப்புறம் அந்த மொகம் அன்னைக்குத்தான் திரும்ப வந்துச்சு.

மறுபடியும் முதல்ல இருந்து. தண்ணி, கல்லு, பழுப்பு. பழுப்பு போயி பச்சை. இந்தத் தடவ அண்ணாச்சி ரெண்டு கையையும் துண்டு போட்டுக் கட்டாத குறையா நின்னாரு.

ஒரு நாள் காலையில கண்ணாடியில மூக்கு ஒட்டுற மாதிரி நின்னு பாக்காரு, உள்பக்கம் வெள்ளையா ஒரு புள்ளி. உப்புத் தூள்னு நெனச்சாரு. உப்புத் தூள் ஒரு துள்ளு துள்ளி அந்தப் பக்கம் போயிட்டு. பக்கத்துல இன்னொண்ணு. கண்ணு பழகப் பழக, கண்ணாடி முழுக்க ஓட்டமும் நடையுமா இருக்கு, மாசித் திருவிழாவுல கூட்டம் போற மாதிரி.

ஜெசிந்தாவுக்குப் போன் அடிச்சாரு. குரல் அடங்கிக் கெடந்துச்சு.

"யம்மா, யாரோ வந்திருக்காங்க. நீ போட்டியா?"

"நான் போடல."

"நானும் போடல."



"கடல் தண்ணியோட வந்து குடியேறியிருக்காங்க. இப்ப மீன் விடலாம்"னா ஜெசிந்தா.

உள்ளங்கை நீளத்துல ஒரு மஞ்ச மீனு வந்துச்சு. கூடவே ஒரு இறால். செகப்பு முதுகு, நடுவுல நெடுக நாமம் போட்ட மாதிரி பளிச்சுனு ஒரு வெள்ளைக் கோடு, நெத்தியில இருந்து நீளமா வெள்ளை மீசை.

கோமதிநாயகம் பாத்த ஒடனே பேரு வச்சிட்டாரு. "பெருமாள்."

அவரு சம்சாரம் உலகம்மாள் இடுப்புல கை வச்சிட்டு நின்னா.

"சைவ வீடு இது. இந்த வாசப்படியில இன்னைய வரைக்கும் இறால் ஏறினது கெடையாது. இதுல அதுக்குப் பேரு பெருமாளாம்."

"திங்கவா போறோம் உலகு?"

"தின்னாக்கூட ஒரு நாள் பாவம். நீங்க வளத்துல்லா கொல்லுவீங்க. சொல்லிட்டேன், இதுவும் செத்துச்சுன்னா மறுபேச்சே கெடையாது. அன்னைக்கே தொட்டியக் காலி பண்ணிருவேன். இந்த வீட்டுல வேற எதையும் நீங்க வளக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

சொல்லும்போது நல்லாத்தான் இருந்துச்சு.

ஒரு நாள் விடியக்காலம் வந்து பாக்காரு, தொட்டி மூலையில பெருமாள் ஒருக்களிச்சுக் கெடக்காரு. மோட்டாரு அலை அடிக்கிற பக்கம் ஆடுதாரு. தானா ஒரு அசைவு இல்ல.

கோமதிநாயகம் வலைய விட்டு எடுத்தாரு. எவர்சில்வர் சம்படத்துல வச்சு மூடினாரு. உலகம்மாள் பின்னால நின்னு பாத்தா. அவ ஒரு வார்த்தை திட்டல. சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு, வாளியும் டியூபும் எடுக்கப் போனா.

"மீன மட்டும் அந்தப் பிள்ளை கிட்ட திருப்பிக் குடுத்திரலாம், வந்து எடுத்துக்கிடச் சொல்லுங்க"ன்னா.

அவரு ஜெசிந்தா கடைக்கு வந்து சம்படத்த மேசை மேல வச்சாரு.

"கொன்னுட்டேன்."

ஜெசிந்தா மூடியத் திறந்தா. மீசையப் பிடிச்சு மெதுவாத் தூக்கினா. கடை வாசலுக்குக் கொண்டு போயி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா.

"என்ன தெரியுது?"

"பெருமாள்."

"நல்லாப் பாருங்க."

"பெருமாள்தான்மா. எத்தன தடவ சொல்லச் சொல்லுவ?"

"அதுக்கு அந்தப் பக்கம்."

அவரு கண்ணச் சுருக்கினாரு.

"ரோடு தெரியுது. ஒரு ஆட்டோ போவுது."

"இறாலுக்குள்ள ஆட்டோ எப்படிப் போவும் அண்ணாச்சி?"

கோமதிநாயகம் கிட்ட வந்தாரு. காலு அத்தனையும் இருக்கு. மீசை நுனி வரைக்கும் இருக்கு. காலுல இருக்க பூனை முடி கூட இருக்கு. முதுகுல மட்டும் வாயத் தொறந்த மாதிரி ஒரு கீறல். உள்ள ஒண்ணும் இல்ல. ஊதினாப் பறந்துரும்.

"பொணம் இங்க இருக்கு. உள்ள இருந்த ஆளு எங்க?"ன்னு கேட்டா ஜெசிந்தா.

அவரு சம்படத்துக்குள்ள எட்டிப் பாத்தாரு. நெசமாத்தான் பாத்தாரு.

"சட்டையா இது?"

"சட்டை. பத்தல, கழட்டிப் போட்டிருக்கு."

"இந்தா, கண்ணு இருக்கே."

"கண்ணு மேல போட்டிருந்த சட்டை."

கோமதிநாயகம் விரல் தானாப் போயி அவரு கண் இமையத் தொட்டுச்சு. "கண்ணையுமா கழட்டுது"ன்னு முனகினாரு.

அந்த விரல் அப்படியே நின்னுட்டு.

"யம்மா. உலகு தொட்டியக் காலி பண்ணிக்கிட்டு இருக்கா."

போன் அடிச்சாரு. மணி போவுது, போவுது, எடுக்க ஆளில்ல. ஜெசிந்தா ஸ்கூட்டிய எடுத்துட்டா. அண்ணாச்சி பின்னால ஏறி உக்காந்து, சம்படத்த நெஞ்சோட அணைச்சிக்கிட்டாரு. காலிச் சம்படத்துக்கு அவ்வளவு மரியாதை.

வீட்டுல பாதித் தண்ணி வாளிக்கு வந்துட்டு. மஞ்ச மீனு ஒரு வாளியில சுத்துது. மேல் கல்லு தண்ணிக்கு வெளிய நிக்குது. உலகம்மாள் அதைத் தூக்க ரெண்டு கையையும் வச்சிருந்தா.

"உலகு, கைய எடு."

அவரு அந்தக் குரல்ல பேசி அவ கேட்டதே இல்ல. எடுத்துட்டா.

"அது சாகல. உள்ள இருக்கு."

"சம்படத்துல எடுத்துட்டுப் போனீங்களே, அது யாரு?"

"அது சட்டை."

உலகம்மாள் ஜெசிந்தாவப் பாத்தா. இவருக்கு வெயில் கியில் பட்டுட்டானு கேக்கிற பார்வை. ஜெசிந்தாவுக்கு அதுக்குப் பதில் சொல்ல நேரமில்ல.

"அக்கா, தண்ணியப் பித்தளையில ஊத்தலியே? பித்தளை பட்ட தண்ணி இறாலுக்கு வெஷம்."

"உப்புத் தண்ணியப் பித்தளையில ஊத்த எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? பாத்திரம் என்னத்துக்கு ஆவும்?"

ஜெசிந்தா மூச்சு விட்டா. மூணு பேருமா சேந்து, கிண்ணம் கிண்ணமா, குழந்தை தலைக்கு ஊத்துற மாதிரி ஊத்தினாங்க. கல்லு மூழ்குச்சு. மீனு உள்ள போச்சு.

கோமதிநாயகம் டார்ச்ச எடுத்தாரு.

"எந்தப் பொந்துலன்னு ஒரே ஒரு தடவ பாத்துக்கிடுதேன்."

"வேண்டாம்."

"இந்த ஒரு கல்ல மட்டும் லேசா நகட்டி."

"அண்ணாச்சி, புதுத் தோலு இன்னும் இறுகல. இப்ப அது பாலாடை. நீங்க நகட்டுற கல்லுதான் அது மேல உக்காரும்."

டார்ச்ச அணைச்சாரு.

"உயிரோடதான இருக்கு?"

"தெரியாது."

"தெரியாதா? நீதானம்மா குரு."

"எனக்கும் கண்ணாடிக்கு இந்தப் பக்கந்தான் எடம்."

போகும்போது வாசல்ல நின்னு ஒண்ணு சொன்னா. "செத்திருந்தா தண்ணி நாறும்."

அதுக்கப்புறம் அந்த வீட்டுல காலையில எழுந்ததும் சாமி கும்பிடுறது ரெண்டாவது. முதல்ல அண்ணாச்சி தொட்டிக்கு மேல குனிஞ்சு மூக்க உறிஞ்சுவாரு. சாம்பார்ல உப்பு பாக்கிற சமையக்காரர் மாதிரி தலைய ஒரு பக்கமாச் சாய்ச்சு யோசிப்பாரு.

"நாறுதா?" அடுப்பங்கரையில இருந்து குரல் வரும்.

"நாறல."

"அப்ப இருக்கா?"

"தெரியாது."

கை சும்மா இருக்குமா? கடையில குடத்தையெல்லாம் இறக்கி ஏத்தினாரு. வீட்டுல கரண்டிய உயரவாரியா மாட்டினாரு. உலகம்மாள் செருப்ப ஜோடி சேத்து வச்சாரு. தொட்டிப் பக்கம் வந்தா மட்டும் கை ரெண்டும் முதுகுக்குப் பின்னால போயிரும். ஒரு கை இன்னொரு கையப் பிடிச்சிக்கிடும், விட்டா ஓடிரும்ங்கிற மாதிரி.

உலகம்மாளும் திட்டிக்கிட்டே வந்து வந்து குனிஞ்சு பாத்தா. பொந்து கருப்பாவே இருந்துச்சு. இப்பல்லாம் அவ வீட்டுக்குள்ள சத்தமா நடக்கிறதுகூட இல்ல.

தண்ணியச் சோதிக்க ஜெசிந்தா ஒரு மத்தியானம் வந்தா. வந்தவ பைய இறக்கல. அப்படியே நின்னுட்டா.

"அண்ணாச்சி, மீனப் பாருங்க."

மஞ்ச மீனு நீந்தல. ஒரு பொந்துக்கு முன்னால வந்து, ஆணி அடிச்சு மாட்டின மாதிரி நின்னுச்சு. தலை லேசாக் கீழ. வாயத் தொறந்துச்சு. மூடல. பெருசாத் தொறந்துக்கிட்டே நிக்குது.

"என்னாச்சு அதுக்கு? சாகப் போவுதா?"ன்னு கேட்டாரு. கை ரெண்டும் பின்னால இறுகிட்டு.

"இல்ல. கூப்பிடுது."

"யார?"

கருப்புப் பொந்துல இருந்து வெள்ளையா ஒரு நூல் வெளிய வந்துச்சு. இன்னொரு நூல். ரெண்டும் மீனு மொகத்தத் தடவுச்சு, கண்ணு தெரியாதவங்க ஆளு யாருன்னு தொட்டுப் பாப்பாங்கள்ல, அந்த மாதிரி. அப்புறம் பெருமாள் வெளிய வந்தாரு. முன்னவிட ஒரு சுத்து பெருசு. அந்த வெள்ளைக் கோடு, இப்பத்தான் போட்ட மாதிரி ஈரமா மின்னுது.

வந்தவரு நேரா மீனு வாய்க்குள்ள காலெடுத்து வச்சாரு.

உலகம்மாள் கோமதிநாயகம் தோளப் பிடிச்சிட்டா.

"உள்ள போவுதே."

"அதுக்கு அதான் வேலை. மீனு வாயில இருக்க அழுக்கயெல்லாம் எடுத்துத் திங்கும்"னா ஜெசிந்தா.

பெருமாள் பாதி ஒடம்பு வாய்க்குள்ள இருந்துச்சு. பல்லுக்குப் பல்லு நின்னு, துழாவி, ஒண்ண எடுத்து வாயில போட்டுக்கிட்டு, இன்னும் உள்ள போனாரு. மீசை மட்டும் வெளிய ஆடுது. தோலு இன்னும் முழுசா இறுகியிருக்காது.

உலகம்மாள் மெதுவாக் கேட்டா.

"கடிச்சிராதா?"

ஜெசிந்தா கண்ண எடுக்காமச் சொன்னா.

"கடிக்கலாம்."

மீனு வாயத் தொறந்தபடியே நின்னுச்சு.