சாமுவேல் கேட்ட கேள்வி

"தலைவனா இருக்கிறவனுக்கு வேதத்துல ஒரே ஒரு பாடம்தான்னா, அது எது சிஸ்டர்?"

செருப்பைக் கழற்றும் முன்பே வேதமாணிக்கம் கேட்டுவிட்டார்.

சிஸ்டர் நேசமலர் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, கழன்ற செயினை மாட்டிக்கொண்டிருந்தார். விரலெல்லாம் கிரீஸ்.

"உக்காருங்க அண்ணாச்சி. ஒரே ஒரு பாடம் எதுக்கு?"

"கடைசி வகுப்புக்கு."

தேரிக்காட்டுச் செம்மண் தொடங்கும் இடத்தில் இரண்டு அறை உள்ள ஜெபவீடு அது. சிஸ்டர் பதினைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர். நாற்பது வயதில் அதை விட்டுவிட்டு இங்கே வந்து தங்கினார். அவரிடம் ஒரு கேள்வியோடு போனால் வேறொரு கேள்வியோடுதான் திரும்ப வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள்.

வேதமாணிக்கத்துக்கு வயது அறுபது. தூத்துக்குடியில் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனிக்குப் பத்தொன்பது வருஷமாக மேனேஜர். அவருக்குக் கீழே நானூறு பெண்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, கோயில் மண்டபத்தில் இளம் மேனேஜர்களுக்கு வகுப்பு எடுப்பார். மாமனார் பேச்சைக் கேட்டு மோசே வேலையைப் பங்கிட்டுக் கொடுத்தது, பஞ்சம் வருமுன்னே யோசேப்பு தானியம் சேர்த்தது, இடிந்த மதிலை நெகேமியா முறை வைத்துக் கட்டியது, எல்லாம் திரையில் படமாக வரும். மதுரையிலிருந்துகூட கார் போட்டு வருவார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமையோடு அவருக்குப் பணி ஓய்வு. மறுநாள் கடைசி வகுப்பு. கம்பெனி நாகப்பட்டினத்தில் புதுக்கிளை திறக்கிறது. இங்கே அவர் வைத்த விதிகளே அங்கேயும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்த விதிகளையும் எழுதிக்கொண்டிருந்தார்.

"எல்லாப் பாடமும் சொல்லியாச்சு சிஸ்டர். ஆனா ஒண்ணு விட்டுப்போன மாதிரியே இருக்கு."

சிஸ்டர் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினார். செயின் ஓடியது.

"சாமுவேல் பொறுப்பை விட்டு இறங்கும்போது என்ன செஞ்சார், அண்ணாச்சி?"

வேதமாணிக்கத்துக்கு அது மனப்பாடம். பல வருஷம் ஜனங்களுக்குத் தலைவராயிருந்து தலை நரைத்த சாமுவேல் அவர்களைக் கூட்டி அவர்கள் முன்னால் நின்றார். நான் யார் மாட்டை எடுத்துக்கொண்டேன், யார் கழுதையை எடுத்துக்கொண்டேன், யாரை ஒடுக்கினேன், சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்றார்.

"கேட்டார், சிஸ்டர்."

"நீங்க கேட்டுட்டீங்களா?"

"நான் யார் மாட்டையும் எடுக்கலியே."

"சாமுவேலும்தான் எடுக்கல."

திங்கட்கிழமை, வேலை முடியும் நேரத்தில், கம்பெனி முற்றத்தில் எல்லாரையும் கூடச் சொன்னார். கேட்டார். சாமுவேல் கேட்டது போலவே, நெஞ்சாரத்தான் கேட்டார்.

ஒருவரும் பேசவில்லை. கொஞ்சம் பொறுத்து ஒரு சூப்பர்வைசர் கை தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். முன்வரிசையில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயந்தரம் மறுபடி தேரிக்காட்டுக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"கேட்டேன் சிஸ்டர். ஒருத்தரும் ஒரு குறையும் சொல்லல."

"எங்க வச்சுக் கேட்டீங்க?"

"முற்றத்துல. நானூறு பேரும் இருந்தாங்க."

"நீங்க?"

"மேடையில."

"மைக் யார் கையில இருந்துச்சு?"

வேதமாணிக்கம் தன் கையைப் பார்த்தார்.

"என் கையிலதான்."

சிஸ்டர் துடைப்பத்தை எடுத்து, காற்று கொண்டுவந்து கொட்டிய செம்மண்ணை வாசலிலிருந்து தள்ளத் தொடங்கினார்.

திரும்பும் வழியில் வேதமாணிக்கத்துக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது வேறு ஒன்று. பத்தொன்பது வருஷம், நானூறு பேர். ஒரு மாடுகூடவா இருக்காது? இருந்தால் அது என்ன மாடு? அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. சின்ன வயதில் அடுத்த வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்க ஆசைப்பட்டதுபோல.

புதன்கிழமை, சூப்பர்வைசரை வெளியே அனுப்பிவிட்டு, இறால் உரிக்கும் ஹாலுக்குள் தனியாகப் போனார். மேசை மேசையாக நின்று கேட்டார்.

"உங்களுக்கென்ன சார், தங்கமான ஆளு."

"நல்லா இருக்கணும் சார் நீங்க."

"ஒரு குறையும் இல்ல சார்."

அன்று முழுக்க இதுதான் கிடைத்தது.

வியாழக்கிழமையும் போனார். கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை என்பது அவருக்கே புரிந்திருந்தது. மேசை ஓரத்தில் சும்மா நின்றார். நூற்றிருபது பெண்கள் ஐஸ் தண்ணீரில் கைவிட்டு எடுத்து, தலை கிள்ளி, ஓடு நீக்கி, நரம்பை இழுத்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹாலில் அவ்வளவு குளிர் இருக்கும் என்பதை அவர் மறந்தே போயிருந்தார்.

பதினொரு மணி ஆயிற்று. வாசல் பக்கம் பார்த்தார். சுவரில் இரண்டு ஆணி. ஆணிக்கு ஒன்றாக இரண்டு நீல டோக்கன். கழிப்பறைக்குப் போகிறவர்கள் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு டோக்கனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். டோக்கன் திரும்பி வந்தால்தான் அடுத்தவர் போகலாம். அவர் கொண்டுவந்த ஏற்பாடு. வேலை தடைபடாமல் நடந்ததற்கு அதுதான் காரணம் என்று முதலாளி பாராட்டியிருக்கிறார். வகுப்பில்கூட அதற்கு ஒரு படம் உண்டு. 'ஒழுங்கு' என்று தலைப்பு.

காலையிலிருந்து இரண்டு டோக்கனும் ஆணியை விட்டு அசையவே இல்லை.

பக்கத்தில் மிக்கேலம்மாள் நின்றிருந்தார். ஹாலிலேயே மூத்தவர். வேதமாணிக்கம் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார்.

"இந்த டோக்கனை வச்சப்போ எல்லாரும் முணுமுணுத்தீங்க. இப்ப பாருங்க மிக்கேலம்மா, அதுக்குத் தேவையே இல்லாமப் போச்சு."

மிக்கேலம்மாள் கையை நிறுத்தவில்லை.

"நாங்க தண்ணி குடிக்கிறதில்லல்லா, சார்."

"என்னது?"

"காலையில ஏழு மணிக்கு உள்ள வாரோம். நாலு மணிக்குத்தான் வெளிய போறோம். நூத்திருபது பேருக்கு ரெண்டு டோக்கன். அதுக்கும் ஒரு ஆம்பள முன்னாடி போய் நின்னு கேக்கணும். சாப்பாட்டுக்கு விடுற அரை மணி நேரத்துல நானூறு பேருக்கு ஆறு பாத்ரூம். அதனால காலையில ஆறு மணிக்கு மேல தண்ணி வாயில வைக்கிறதில்ல. பழகிட்டு."

"எத்தன வருஷமா?"

"நீங்க வச்ச நாளிலேருந்துதான் சார். பதினாறு வருஷம் இருக்கும்."

குரலில் கோபம் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்வது போல இருந்தது.

எதிர்ப்பக்கம் நின்ற பெண் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "போன வருஷம் ஸ்டெல்லாவுக்குச் சிறுநீரகக் கல்லு எடுத்தாங்கல்ல சார். நீங்ககூட ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிட்டு வந்து ஜெபம் பண்ணீங்க."

பண்ணியிருந்தார். நீளமான ஜெபம். அது அவருக்கு நினைவிருந்தது.

வேதமாணிக்கம் நடந்து போய் இரண்டு டோக்கனையும் ஆணியிலிருந்து எடுத்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அன்று சாயந்தரம் அவற்றைச் சிஸ்டர் முன்னால் வைத்தார். நடந்ததைச் சொன்னார். சிஸ்டர் ஒரு டோக்கனை எடுத்து, இருபுறமும் திருப்பிப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"இனி டோக்கன் கிடையாதுன்னு மத்தியானமே நோட்டீஸ் ஒட்டியாச்சு சிஸ்டர். வேலை நடக்கும்போதே தண்ணி குடிக்கவும் பாத்ரூமுக்கும் போகலாம், வரலாம். முதலாளிகிட்டப் பேசிட்டேன். நாகப்பட்டினத்து விதியிலிருந்தும் அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டேன்."

"சரி."

"சரியாகல சிஸ்டர். சாமுவேல் கேட்டதோட விடல. திருப்பித் தாரேன்னு சொன்னார். பதினாறு வருஷத்தை நான் எப்படித் திருப்பித் தர?"

அவரே தொடர்ந்தார்.

"ஒரு மருத்துவ முகாம் நடத்தலாமான்னு யோசிச்சேன். இல்லன்னா நாளைக்கு மாலை போடும்போது எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கலாம்."

"மைக்குலயா?"

வேதமாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"மாட்டை எடுத்தவன் எதைத் திருப்பிக் கொடுக்கணும், அண்ணாச்சி?"

"மாட்டைத்தான்."

"நீங்க எதை எடுத்தீங்க?"

வெளியே பனையோலைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. வேதமாணிக்கம் டோக்கன்களைப் பார்த்தார்.

"தண்ணிய" என்றார்.

சிஸ்டர் எழுந்து விளக்கைப் பொருத்த உள்ளே போனார். திரும்பி வரவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மாலை, பொன்னாடை, குழுப்படம் என்று ஏற்பாடாகியிருந்தது. வேதமாணிக்கம் காலை எட்டு மணிக்கே ஹாலுக்கு வந்தார். காலில் வெள்ளை ரப்பர் பூட்ஸ், தலையில் தொப்பி, மேலே நீள ஏப்ரன். வாசலை ஒட்டி ஒரு மேசை போட்டு, ஒரு பெரிய எவர்சில்வர் பானையில் தண்ணீர் நிரப்பி, டம்ளர்களைக் கழுவி அடுக்கினார். பக்கத்திலேயே நின்றார்.

ஒருவரும் வரவில்லை.

சூப்பர்வைசர் இரண்டு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். "தண்ணி வச்சிருக்கு. சாரே வச்சிருக்காங்க. வந்து குடிங்க." பெண்கள் பானையைப் பார்த்தார்கள். பிறகு தங்கள் தட்டைப் பார்த்தார்கள்.

ஒன்பதரை ஆயிற்று. வேதமாணிக்கம் ஒரு டம்ளரை நிரப்பி எடுத்துக்கொண்டு மிக்கேலம்மாளிடம் போனார்.

"குடிங்க மிக்கேலம்மா."

மிக்கேலம்மாள் டம்ளரைப் பார்த்தார். வாசல் சுவரில் வெறுமனே நின்ற இரண்டு ஆணிகளைப் பார்த்தார்.

"குடிச்சா வெளிய போகணுமே, சார்."

"போங்க."

"போனா என் தட்டு அப்படியே கிடக்கும். அந்த வேலையும் எதிர்ல நிக்கிறவ தலையிலதான் விழும். அதான் யாரும் வரல."

வேதமாணிக்கத்துக்கு இது தெரியாது. பத்தொன்பது வருஷத்தில் ஒருநாள்கூட இப்படி யோசித்ததில்லை.

பிறகு சொன்னார்: "உங்க இடத்துல நான் நிக்கிறேன்."

மிக்கேலம்மாள் அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். கையுறையைக் கழற்றினார். டம்ளரை வாங்கி வாசலுக்கு வெளியே போய், அங்கே நின்று முழுவதும் குடித்தார்.

வேதமாணிக்கம் ஒரு கையுறை வாங்கி மாட்டிக்கொண்டு ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டார். முதலில் விரல் வலித்தது. அப்புறம் விரலே இல்லாததுபோல ஆயிற்று. இறால் வழுக்கியது. தலையைக் கிள்ளினால் உடம்பும் சேர்ந்து வந்தது. எதிரே நின்ற பெண் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மெதுவாகச் செய்து காட்டினாள்.

மிக்கேலம்மாள் திரும்பி வந்தபோது அவர் மூன்று இறால் உரித்திருந்தார்.

மிக்கேலம்மாள் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"வால் பிஞ்சுட்டு சார்."

"தெரியல மிக்கேலம்மா. பழகணும்."

"பழகிரும்." கையுறையை மாட்டிக்கொண்டே மிக்கேலம்மாள் மூன்றாவது மேசையைக் காட்டினார். "அங்க ஸ்டெல்லா பாத்ரூம் போகணும்ங்கா. போய் அவ இடத்துல நில்லுங்க."