சுண்டலுக்கு அடுத்த வார்த்தை

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று நாள் நட்சத்திரம் கேட்காதீர்கள், நன்முடி நாட்டை மல்லவராயர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் மறதி அதிகம், பிடிவாதம் அதைவிட அதிகம், சாப்பாட்டு ஆசை இரண்டையும் விட அதிகம்.

ராஜமுத்திரை இருக்கும் அறைக்கு ஏழு பூட்டு போட்டு, ஏழு சாவியையும் தொலைத்தார். கடைசியில் பூட்டே வேண்டாம் என்று காத்தாயி என்ற காவல்காரியை உள்ளே உட்காரவைத்துத் தாழ்போடச் சொன்னார். கதவில் கை நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். அதில் ரகசிய வார்த்தையைச் சொன்னால் திறக்க வேண்டும். "யார் என்று கேட்கக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. நான் மாறுவேடத்தில் வருவேன், வேறு ஆளையும் அனுப்புவேன்" என்பது உத்தரவு. வார்த்தை தெரியாதவன் உள்ளே வந்துவிட்டால் பொழுது சாய்வதற்குள் காத்தாயி ஊரை விட்டுப் போய்விட வேண்டும்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி வார்த்தை மாறும். மாறி என்ன? எப்போதும் பலகாரத்தின் பெயர்தான். அந்த மாதம் 'சுழியம்'.

சபையில் குழைக்காதர் என்று ஒரு பிரதானி. காத்தாயியின் வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கிக் கொடுக்காவிட்டால் வீட்டில் சோறு கிடையாது என்ற நிலை அவருக்கு. ஒரு நாள் மதியம், அரண்மனையே உண்ட மயக்கத்தில் இருக்கும்போது, துவாரத்தில் ஒரு குரல் கேட்டது.

"அதிரசம், அப்பம், அவல், ஆமவடை, இடியாப்பம், இலை அடை..."

அகர வரிசையில் மூச்சுவிடாமல் அறுபது பலகாரம். கொழுக்கட்டையோடு தொண்டை கட்டிக்கொண்டு குரல் போய்விட்டது. உள்ளே காத்தாயி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். இன்றைக்குக் 'கொ' என்றால் நாளைக்குச் 'சு' வராமலா இருக்கும்?

காவல் மாறியதும் நேரே ராஜாவிடம் ஓடினாள்.

"மகாராஜா, வார்த்தையை மாத்துங்க. பலகாரம் இல்லாத வார்த்தையா."

ராஜா வெகுநேரம் யோசித்தார். "உலகத்தில் வேறு என்ன இருக்கிறது, காத்தாயி?"

"அப்போ யாருன்னு பார்க்கவாச்சும் விடுங்க."

"போட்ட உத்தரவு போட்டதுதான்."

காத்தாயிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, "வாசலுக்கு வந்தவங்களுக்கு வெத்திலை கொடுக்கலாமா?" என்றாள்.

"கொடுக்காமல் இருந்தால்தான் அவமரியாதை."

"தப்பு வார்த்தை சொன்னா ஒரு சுருள். அதை மென்னு முழுங்கி, காலி வாயைத் துவாரத்துல காட்டினாத்தான் அடுத்த வார்த்தை. அதுவும் தப்புன்னா ரெண்டு. அப்புறம் நாலு, எட்டு. சரியான வார்த்தை சொன்னா கணக்கு அழிஞ்சிடும்."

"நானே மறந்துவிட்டால்?"

"நீங்க ஒரு தடவை, ரெண்டு தடவை மறப்பீங்க. மூணு சுருள். சாப்பிட்ட சாப்பாட்டுக்கு நல்லதுதானே."

ராஜாவுக்கு அது பிடித்துவிட்டது.

மறுநாள் மதியம் குரல் வந்தது. "சர்க்கரைப் பொங்கல்." துவாரம் வழியாக, சிவப்பு நூல் சுற்றிய ஒரு சுருளும் அதற்கான விதியும் வெளியே வந்தன. ஓசி வெற்றிலை என்று குழைக்காதர் சந்தோஷமாக மென்றார். "சாமைப் பாயசம்" இரண்டு சுருள். "சீடை" நாலு. "சீயாளம்" எட்டு. அதை முடிப்பதற்குள் பொழுது போய்விட்டது.

அடுத்த நாள் அதே குரல், கொஞ்சம் தடித்து, "சுக்குப்பால்" என்றது. பதினாறு சுருள் போயிற்று. குரலைக் கேட்டு ஆளை அறியக் கூடாது என்று உத்தரவில் இல்லையே. குழைக்காதர் வேறு ஆளை அனுப்பலாம் என்றால் விஷயம் வெளியே தெரிந்துவிடும். பாவம், அவரேதான் மென்றாக வேண்டும். பதினாறும் தீர்ந்து காலி வாயைக் காட்டியபோது நாக்கு சுண்ணாம்பில் வெந்து செக்கச் செவேலென்று இருந்தது.

"சுண்... டல்" என்றது குரல்.

சுண்டலுக்கு அடுத்தது சுழியம்தான். காத்தாயி முப்பத்திரண்டு சுருளையும் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். அப்போது பார்த்து சபை கூடும் முரசு கேட்டது. வராதவருக்குப் பதவி போய்விடும். குழைக்காதர் பத்துச் சுருளை வாயில் திணித்து, மீதியை மடியில் கட்டிக்கொண்டு ஓடினார்.

மாற்றுக் காவலுக்கு ஆள் வந்ததும் காத்தாயியும் போய்ச் சபை ஓரத்தில் நின்றாள். ராஜா கேட்டார்:

"குழைக்காதரே, முத்திரை அறைக்கு உம் மைத்துனன்தான் சரி என்று தினமும் சொல்வீரே. இன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை?"

"ம்ம்."

"உடம்புக்கு என்ன?"

"ம்தம்... ழ்ழா."

அந்தத் தடித்த குரல் போதும் காத்தாயிக்கு. "மகாராஜா, ஐயா மடியை அவிழ்க்கச் சொல்லுங்க" என்றாள்.

அவிழ்த்ததும் சிவப்பு நூல் சுற்றிய இருபத்திரண்டு சுருள் ராஜாவின் காலடிக்கு உருண்டு வந்தது. சபை கொல்லென்று சிரித்தது. குழைக்காதருக்கு முகமும் வாயும் ஒரே நிறமாகிவிட்டன.

"எத்தனை வார்த்தை சொன்னார்?"

"வெத்திலைக்கு முன்னால ஒரே மூச்சுல அறுபது. வெத்திலைக்கு அப்புறம் ரெண்டு நாளில் ஆறு. ஏழாவதுல கதவு திறந்திருக்கும்."

ராஜா பெருமூச்சு விட்டார். தன் முத்துமாலையைக் கழற்றிக் காத்தாயிக்குக் கொடுத்து, இனி வார்த்தையை அவளே தேர்ந்தெடுக்கட்டும் என்றார். குழைக்காதருக்கு முத்திரை அறைக்குள்ளேயே வேலை கிடைத்தது: காத்தாயியின் பக்கத்தில் உட்கார்ந்து சுருள் மடிப்பது.

அடுத்த பௌர்ணமி கழிந்து, ராஜா வளையல் வியாபாரி வேடத்தில் வந்தார். புது வார்த்தை மறந்துபோயிற்று. பழக்க தோஷத்தில், "சுழியம்" என்றார். உள்ளே இருந்து ஒரு சுருள் நீண்டது.

"அடேய், நான் ராஜா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்றார் குழைக்காதர். "மெல்லுங்கள்."

ராஜா படியில் உட்கார்ந்து மென்றார். மென்று முடிப்பதற்குள் வார்த்தை ஞாபகம் வந்துவிட்டது, கதவும் திறந்தது.

அது என்ன வார்த்தை என்று என்னிடம் கேட்காதீர்கள். கேட்டுத்தான் ஆகவேண்டும் என்றால், முதலில் இந்தச் சுருளைப் பிடியுங்கள்.